பாலக்காட்டுப் பழங்காசுக் கடை: காசை வாங்குங்கள், கதையை வேண்டாம்

கோவை, பொள்ளாச்சி சேகரிப்பாளர்கள் வாளையாறு தாண்டி இந்தக் கடைக்கு வருவது ரோமானிய வெள்ளிக்காசுக்காகத்தான். கோட்டையிலிருந்து நடக்கிற தூரத்தில், மாடிப்படிக்கு அடியில் சின்ன அறை, இரண்டு கண்ணாடி மேசை. கடைக்காரச் சேட்டனுக்குத் தமிழ் நன்றாக வரும். காசைக் கையில் எடுக்கவும் எடை போடவும் தடை சொல்வதில்லை. வேறு பல கடைகளில் கண்ணாடியைத் தாண்டி விரல் போகாது.

வெள்ளித் தட்டில் அதிகம் இருப்பவை இரண்டு வகை. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காசின் பின்புறத்தில் அவருடைய பேரன்கள் கையஸும் லூசியஸும் நடுவில் கேடயம் ஈட்டியோடு நிற்பார்கள். அடுத்த பேரரசர் டிபேரியஸ் காசில் செங்கோலும் கிளையும் பிடித்து உட்கார்ந்த பெண், ஓரத்தில் 'பான்டிஃப் மாக்ஸிம்' (தலைமைக் குரு என்ற பட்டம்). கொங்கு மண்ணில் அதிகம் கிடைத்ததும் இவைதான். 1842இல் கோவையை ஒட்டிய வெள்ளலூரில் எடுத்த 522 வெள்ளிக்காசில் பெரும்பகுதி இந்த இருவருடையது. கி.பி. 64இல் பேரரசர் நீரோ, ஒரு ரோமானிய ராத்தல் வெள்ளியில் 84 காசு அடித்ததை 96 ஆக்கி எடையைக் குறைத்து, வெள்ளியின் தரத்தையும் இறக்கினார். அதற்குப் பிந்தைய வெள்ளி இந்தப் பக்கத்துப் புதையல்களில் அபூர்வம். நீரோவுக்குப் பின் வந்த டிராஜன் காசைக் காட்டி 'வெள்ளலூர் தோட்டத்தில் எடுத்தது' என்றால், காசு அசலாக இருக்கலாம், கதையை நம்ப முடியாது.

இந்தக் கடையின் பெரிய குறை அந்தக் கதைதான். 'நம்ம மண்ணில் கிடைச்சது' என்றதும் விலை ஏறிவிடுகிறது. கதை நிஜம் என்றால் இன்னும் சிக்கல்: புதையலைக் கலெக்டருக்குத் தெரிவித்திருக்க வேண்டும். தொல்பொருள் விற்க 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும்; அதைக் காட்டச் சொல்லுங்கள். அரசர் பெயர், எடை, படத்தோடு பில் கேளுங்கள். கொஞ்சம் இழுத்தடித்தாலும் கடைசியில் எழுதித் தருகிறார்.

0.01 கிராம் காட்டும் தராசை நீங்களே கொண்டு போங்கள். முதலில் காசை உலர்ந்தபடி எடை போடுங்கள். பிறகு தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்கி, மெல்லிய நூலில் கட்டிய காசை அடியையோ பக்கத்தையோ தொடாமல் முக்குங்கள். அப்போது காட்டுவது விலகிய நீரின் எடை; உலர்ந்த எடையை இதால் வகுத்தால் அடர்த்தி. 3.70 கிராம் காசுக்கு 0.36 வந்தால் அடர்த்தி 10.28, நல்ல வெள்ளி. 0.41 வந்தால் 9தான்; உள்ளே செம்பு வைத்து வெள்ளி போர்த்தியதாக இருக்கலாம். 0.01 பிசகினாலே விடை 0.3 அளவுக்கு மாறும், ஆகையால் மூன்று தடவை பாருங்கள். காசில் ஒட்டிய காற்றுக்குமிழி கணக்கைக் கெடுக்கும். ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் போய்விடும்.

அடர்த்தி சரி என்றாலும் விளிம்பை லென்ஸில் பாருங்கள். சுற்றிலும் கோடு, எழுத்தைச் சுற்றி ஊசிக்குத்துக் குழி என்றால் உருக்கி வார்த்த போலி. ஒரே இடத்தில் ஒரே வடு உள்ள இரண்டு காசு தட்டில் இருந்தால் இரண்டையும் தொடாதீர்கள்.

முகத்தில் வெட்டு விழுந்த காசைச் சேட்டன் விலை குறைத்துத் தருகிறார். நமக்கு லாபம். புதுக்கோட்டைப் பக்கம் 1898இல் கிடைத்த 501 பொற்காசிலும் பெரும்பாலானவை பழங்காலத்திலேயே இப்படி முகம் வெட்டுப்பட்டவை. வெட்டின் உட்புறமும் மேற்பரப்பும் ஒரே நிறமாக மங்கியிருக்க வேண்டும். உள்ளே மட்டும் பளபளத்தால் அது நேற்றைய வெட்டு.

செம்புத் தட்டில் கரூர் அமராவதி மணலில் கிடைப்பது போன்ற 4, 5ஆம் நூற்றாண்டுச் சில்லறை, சட்டைப் பொத்தான் அளவு. வழவழவென்று தேய்ந்ததை எல்லாம் ரோமானியம் என்கிறார். தலையோ சிலுவையோ ஓர் எழுத்தோ தெரியாததற்குப் பணம் தர வேண்டாம். பாதியைப் புளி போட்டுத் தேய்த்துச் செக்கச்செவேல் என்று வைத்திருக்கிறார். காலம் ஏற்றிய மேற்பூச்சும் போச்சு, எழுத்தும் போச்சு. தேய்க்காத கறுப்புக் காசு கேட்டால் மேசைக்கு அடியில் இருக்கும் பிஸ்கட் டப்பாவைத் திறப்பார். அங்கேதான் நல்ல சரக்கு.

போட்டுத் தரும் பிவிசி உறையை வீட்டுக்கு வந்ததும் மாற்றுங்கள். இங்கத்து மழைக்கால ஈரத்தில் அது பச்சையாகப் பிசுபிசுத்துக் காசில் ஒட்டும். மைலார் (பாலியஸ்டர்) உறை போதும், டப்பாவில் ஈரம் உறிஞ்ச ஒரு சிலிக்கா பொட்டலம். செம்பில் வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் அந்தக் காசை உடனே தனியாக எடுத்துவிடுங்கள்.