ஆங்கில வகுப்புக்கு நான்கு நட்சத்திரம், மாடி கவுண்டருக்கு ஒன்றும் இல்லை

மதுரை காளவாசல் பக்கம் உள்ள ஒரு நர்ஸ் பயிற்சி மையத்தைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போடப் போவதில்லை. கீழே மருந்துக் கடை, முதல் மாடியில் ஓ.இ.டி. (வெளிநாட்டு வேலைக்குப் போகிற நர்ஸ், டாக்டர்களுக்கான ஆங்கிலத் தேர்வு) வகுப்பு, இரண்டாம் மாடியில் விசா கவுண்டர். விளம்பரத்தில் எல்லாம் ஒரே நிறுவனம். ஏதாவது வில்லங்கம் என்றால் மட்டும் "வகுப்பு வேறு, நாங்கள் வேறு" என்று இரண்டாம் மாடியில் சொல்வார்கள். அதனால் நானும் தனித்தனியாகவே மதிப்பிடுகிறேன்.

எனக்கு ஊர் உசிலம்பட்டி. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் வேலை. நைட் டூட்டி முடித்துவிட்டு நேராக வகுப்பில் போய் உட்காருகிறவளுக்கு முதலில் கண்ணில் படுவது மின்விசிறியும் நாற்காலியும்தான். இரண்டும் சுமார். ஏ.சி. இருக்கிறது, சாயங்கால வகுப்புக்கு மட்டும் போடுகிறார்கள், காரணம் கேட்டால் சிரிக்கிறார்கள். படிக்கட்டுக்கு எதிரே தள்ளுவண்டியில் காலையில் பருத்திப்பால் கிடைக்கும். தூக்கத்தை விரட்ட அது போதும்.

கட்டணம் 16,000 ரூபாய், இரண்டு தவணை, ரசீது உண்டு. தேர்வுக் கட்டணம் தனி. நான் எழுதியபோது 587 ஆஸ்திரேலிய டாலர், நம் பணத்தில் முப்பதாயிரத்துக்கு மேல். ஒருமுறை கோட்டை விட்டால் எங்கள் சம்பளத்தில் ஒரு மாதம் ஏறக்குறையக் காலி. இங்கிலாந்தின் நர்சிங் கவுன்சில் கேட்பது கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 350, எழுத்தில் மட்டும் 300. எனக்கு எழுத்தில் 320, பேச்சில் 400 வந்தது. மற்ற இரண்டும் தப்பித்தன.

கேட்டல் பயிற்சிக்கு வைத்திருக்கும் ஹெட்போன்களில் பாதி ஒரு காதில்தான் பேசும். சொந்தமாக ஒன்று கொண்டு போவது நல்லது. வாசித்தலுக்குக் கொடுக்கும் ஜெராக்ஸ் தாள்கள் பழையவை, சிலவற்றில் கடைசி வரி வெட்டுப்பட்டிருக்கும்.

எழுத்துப் பயிற்சியில்தான் சாரின் அருமை தெரியும். தேர்வில் நோயாளியின் குறிப்புகளைக் கொடுப்பார்கள். அதை வைத்து இன்னொரு மருத்துவருக்கோ நர்ஸுக்கோ கடிதம் எழுத வேண்டும். நாம் டூட்டி மாற்றும்போது சொல்லிப் பழகியது போல எல்லாவற்றையும் கொட்டிவிடுவோம். என் முதல் கடிதத்தில் பாதிக்கு மேல் சிவப்புக் கோடு. வீட்டுக்கு வந்து காலில் உள்ள புண்ணுக்குக் கட்டுப் போடப் போகிற நர்ஸுக்கு, அந்த அம்மாவுக்குச் சின்ன வயதில் டான்சில் எடுத்த கதை எதற்கு என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அதே நேரத்தில், அந்த அம்மாவுக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்பதை நான் கடைசி வரியில் தள்ளியிருந்தேன். அதை வட்டம் போட்டு, அம்புக்குறியை மேல் பத்தி வரை இழுத்து வைத்திருந்தார். கடிதத்தை வாங்குகிறவருக்கு எது வேண்டும் என்று யோசித்து எழுத வைக்கிற ஆசிரியரை நான் கல்லூரியில்கூடப் பார்த்ததில்லை.

பேச்சு வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும். தேர்வில் இரண்டு நாடகம், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். நாம் நர்ஸ், எதிரே இருப்பவர் நோயாளி. மதிப்பெண் இலக்கணத்துக்கு மட்டும் இல்லை. நோயாளி என்ன நினைக்கிறார், எதற்குப் பயப்படுகிறார், எதை எதிர்பார்க்கிறார் என்று அவர் வாயாலேயே வரவழைக்கத் தெரிகிறதா என்பதற்கும் உண்டு. நம் ஊர் வார்டுகளில் ஆளுக்குப் பன்னிரண்டு பேரைப் பார்த்துக்கொண்டு இதற்கு எங்கே நேரம்? "தாத்தா, கையை நீட்டுங்கள்" என்பதோடு நம் உரையாடல் முடிந்துவிடும்.

சார் இங்கிலாந்தில், லிங்கன்ஷயரில் நர்ஸாக வேலை பார்த்தவர். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் ஊர் திரும்பி, இங்கேயே தங்கிவிட்டார். அவர் போடும் நோயாளி வேடங்களில் எங்களுக்குப் பிடித்தவர் கிரிம்ஸ்பி துறைமுகத்துக் கிழவர். வயது 78, பழைய மீனவர், இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, எழுந்து நடக்க மறுக்கிறார். ஏன் என்று கேட்டால் வலியைப் பற்றிப் பேச மாட்டார், பிரெக்ஸிட் வாக்கெடுப்பு நடந்த 2016-ஐப் பற்றிப் பேசுவார். "ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே வந்தால் கடல் எங்களுக்குத் திரும்பும் என்றார்கள். வாரம் 35 கோடி பவுண்ட் ஆஸ்பத்திரிக்கு வரும் என்று பஸ்ஸிலேயே எழுதிக்கொண்டு வந்தார்கள். ஓட்டுப் போட்டேன். இப்போது என்னைத் தூக்கி உட்கார வைக்க நீதான் வந்திருக்கிறாய். நீ எந்த ஊர்?"

முதலில் போன பெண் மேலூர்க்காரி, கெட்டிக்காரி, அவரோடு வாதாடத் தொடங்கிவிட்டாள். அந்த 35 கோடி, பிரிட்டனுக்குத் திரும்பக் கிடைக்கிற தள்ளுபடியைக் கழிக்காத கணக்கு என்று சரியாகவே சொன்னாள். சார் கையைத் தட்டி நிறுத்திவிட்டார். இடுப்பு உடைந்து கிடப்பவரிடம் கணக்குக் கேட்டால் மதிப்பெண் கிடையாது என்றார்.

அடுத்துப் போனவள் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர்ப் பெண். அப்பா படகு வைத்திருக்கிறார். அவள் நாடகக் குறிப்பு அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "உங்கள் படகின் பெயர் என்ன?" என்று கேட்டாள். சாரிடம் பதில் தயாராக இல்லை. ஒரு பெயரைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பிறகு அவள், படகு எத்தனை ஆள் ஏறுவது, எத்தனை நாள் கடலில் கிடப்பீர்கள், துறைமுகத்துக்குப் பக்கத்தில் வீடா என்று கேட்டுக்கொண்டே வந்து, வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் முதலில் ஜன்னல் வரை நடந்து பார்க்கலாமா என்ற இடத்தில் கொண்டு வந்து நிறுத்தினாள். மணி அடித்தபோது சார் எழுந்து நின்றிருந்தார். மற்றவர்கள் கைதட்டினோம்.

அன்றைக்கு மிச்ச நேரம் முழுவதும் வரலாறு. கிரிம்ஸ்பியின் பெரிய படகுகளை முடக்கியது ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் மட்டும் இல்லை. ஐஸ்லாந்து தன் எல்லையை 200 கடல் மைல் வரை நீட்டியதும், அதற்காக நடந்த 'காட் சண்டை' (காட் என்பது ஒரு மீன்) 1976-ல் பிரிட்டன் பின்வாங்கி முடிந்ததும்தான் பெரிய அடி. ஆனாலும் கோபம் ஐரோப்பிய மீன்வளக் கொள்கை மேல் போய் நின்றது. அந்த வட்டாரத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் வெளியேறத்தான் ஓட்டுப் போட்டார்கள். கிடைத்தது என்ன? 2020 கடைசியில் போட்ட ஒப்பந்தத்தில், பிரிட்டன் கடலில் ஐரோப்பியப் படகுகள் பிடித்த மீன் பங்கில் கால்வாசி, அதுவும் ஐந்தரை வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. 2025 மே மாதம், ஐரோப்பியப் படகுகள் 2038 வரை வரலாம் என்று நீட்டித்துவிட்டார்கள். மண்டபத்துப் பெண் இதைக் கேட்டுவிட்டு, "எங்கள் அப்பாவும் 1976-ஐத்தான் திட்டுவார் சார்" என்றாள். இலங்கையோடு கடல் எல்லைக்கு இரண்டாவது ஒப்பந்தம் போட்டதும் அதே வருடம்தான்.

சாருக்கு அந்த வாக்கெடுப்பில் ஓட்டு இருந்திருக்கிறது. எனக்கு இது புதுச் செய்தி. காமன்வெல்த் நாட்டவர் அங்கே சட்டப்படி குடியிருந்தால் ஓட்டுப் போடலாம். நம் மதுரைக்காரர் போடலாம், பத்து வருடமாகப் பக்கத்து வார்டில் வேலை பார்த்த போலந்து நர்ஸ் போட முடியாது. சார் வெளியேறும் பக்கம்தான் போட்டாராம். ஐரோப்பாவிலிருந்து வந்த நர்ஸ்களுக்கு 2016 வரைக்கும் ஆங்கிலத் தேர்வே கிடையாது, அவர் மனைவி மட்டும் தேர்வு எழுதிக்கொண்டே இருந்தார். எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வரட்டும் என்று நினைத்திருக்கிறார். அவர் ஆசைப்பட்டது நடந்தது. 2021 ஜனவரி 1 முதல் போலந்தானாலும் பாலமேடானாலும் வேலை விசாவுக்கு ஒரே புள்ளிக் கணக்கு. பக்கத்துத் தெருவில் வங்காளதேசத்துக்காரர் நடத்திய கறி ஹோட்டலிலும் வெளியேறும் பக்கம்தான் பேச்சாம். ஐரோப்பியர் வரத்துக் குறைந்தால் நம் ஊர் சமையல்காரர்களுக்கு விசா எளிதாகும் என்று பிரிட்டன் அமைச்சர் பிரீத்தி படேல் பிரசாரமே செய்தார். பிறகு அவரே உள்துறை அமைச்சராகிக் கொண்டுவந்த புள்ளிக் கணக்கில், சமையல்காரருக்குச் சம்பள வரம்பே தடையாக நின்றது. பழையபடி நீல நிறப் பாஸ்போர்ட் ஆசைப்பட்டவர்களுக்கு நீலமே கிடைத்தது, அச்சடிப்பது போலந்தில்.

1.74 கோடிப் பேர் வாக்குச் சீட்டில் வெளியேறும் பக்கத்துக் கட்டத்தில் குறி போட்டார்கள். ஆட்கள் வருவது குறையட்டும் என்று போட்டவரும், எங்கள் ஆட்கள் வரட்டும் என்று போட்ட சாரும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். ஐரோப்பாவிலிருந்து புதிதாகப் பதிவு செய்த நர்ஸ்கள் 2015-16-ல் ஒன்பதாயிரத்துக்கு மேல். இரண்டே வருடத்தில் ஆயிரத்துக்குக் கீழே. ஆங்கிலத் தேர்வு வந்ததும் அதற்கு ஒரு காரணம். அந்த இடங்களில்தான் கேரளத்துப் பெண்களும் பிலிப்பைன்ஸ்காரர்களும் இப்போது எங்களைப் போன்றவர்களும். 2023 ஜூன் வரையிலான ஒரு வருடத்தில், பிரிட்டனுக்குக் குடிவந்த எல்லாரிலும் வெளியே போனவர்களைக் கழித்தால் நின்றது ஒன்பது லட்சத்துக்கு மேல். கிரிம்ஸ்பிக் கிழவரின் கோபம் பொய்யில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அவருக்குச் சொன்னது ஒன்று, நடந்தது வேறு.

இதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அன்றைக்கு நடக்க வேண்டிய கேட்டல் மாதிரித் தேர்வு நடக்கவில்லை, அது ஈடு செய்யப்படவும் இல்லை. சாருக்குப் பேச்சு பிடித்துவிட்டால் கடிகாரம் தெரியாது. ஒரு நட்சத்திரம் குறைந்தது அதற்குத்தான்.

இனி இரண்டாம் மாடி. அங்கே நாற்காலி நன்றாக இருக்கும், ஏ.சி. காலையிலும் ஓடும். சுவரில் லண்டன் பாலம். பேசுகிற தம்பி நம்மை எதுவும் கேட்க மாட்டார், எந்த வார்டு, எத்தனை வருட அனுபவம், குழந்தை இருக்கிறதா, எதுவும். எடுத்த எடுப்பிலேயே தொகை. என்னோடு படித்த ஒரு அக்கா கேர் வொர்க்கர் (முதியோர், உடல்நலமில்லாதவர்களைப் பார்த்துக்கொள்பவர்) வேலைக்கு என்று இரண்டு லட்சம் முன்பணம் கட்டினார், நகை அடகு வைத்து. விசாவுக்காக வேலை கொடுக்கிறவர் தர வேண்டிய ஸ்பான்சர் கடிதம் "இந்த வாரம், அடுத்த வாரம்" என்று இழுத்தது. 2024 மார்ச் 11-க்குப் பிறகு அந்த விசாவில் போகிறவர்கள் கணவனையும் பிள்ளையையும் கூட்டிப் போக முடியாது என்பதைக்கூட அவருக்கு அங்கே சொல்லவில்லை, வகுப்பில் சார் சொல்லித்தான் தெரியும். 2025 ஜூலை 22-ல் வெளிநாட்டிலிருந்து கேர் வொர்க்கர் எடுப்பதையே அங்கே நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு கவுண்டரில் குரல் மாறியது. பாதிப் பணம் திரும்பியது, மீதி "ஃபைல் சார்ஜ்". இப்போது அதே தம்பி அதே சுவருக்கு முன்னால் உட்கார்ந்து, மாணவர் விசாவில் குடும்பத்தோடு போகலாம் என்கிறார். வகுப்பில் உட்கார்ந்து படிக்கிற முதுகலைப் படிப்புக்குக் குடும்ப விசா 2024 ஜனவரியிலேயே போய்விட்டது.

நர்ஸ்களுக்கு அந்தக் கவுண்டரே தேவையில்லை. இங்கிலாந்து அரசின் ஆள்சேர்ப்பு விதிப்படி வேலை தேடுகிறவரிடம் ஏஜென்சி பணம் வாங்கவே கூடாது, செலவு வேலை கொடுக்கிறவருடையது. விதியை ஒத்துக்கொண்ட ஏஜென்சிகளின் பட்டியலை, அங்குள்ள அரசு மருத்துவத் துறையின் வேலை கொடுப்போர் அமைப்பான என்.எச்.எஸ். எம்ப்ளாயர்ஸ் இணையத்தில் போட்டிருக்கிறது. நம் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்ற முகவர் என்றாலும் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் உச்சம், பதிவு எண்ணை இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது. நர்ஸ் விசாவுக்கு அங்கே வருடா வருடம் கட்டும் சுகாதாரக் கூடுதல் கட்டணமும் கிடையாது. இதைத் தனி வசூலாகக் கணக்கில் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

போக நினைப்பவர்கள் ஒன்றையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டன் அரசின் 2025 மே மாத வெள்ளை அறிக்கையில், நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு ஐந்து வருடம் என்றிருந்ததைப் பத்து வருடமாக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அங்கே போன பிறகும் பத்து நிலையங்கள் கொண்ட செய்முறைத் தேர்வு எழுதினால்தான் நர்ஸ் பதிவு. என் வீட்டில் இதை எல்லாம் சொல்லித்தான் சம்மதம் வாங்கினேன். அம்மாவுக்கு விருப்பம் இல்லை, தம்பி கல்யாணக் கடன் இருப்பதால் வாயைத் திறக்கவில்லை.

சேர விரும்புகிறவர்கள் காலை வகுப்பைக் கேளுங்கள், சாயங்காலம் வேறு ஒருவர் எடுக்கிறார், அவர் கடிதம் திருத்துவதில்லை, மதிப்பெண் மட்டும் போட்டுக் கொடுக்கிறார். இரண்டாம் தவணையைப் பேச்சு வகுப்பு தொடங்கிய பிறகு கட்டினால் போதும். வண்டி நிறுத்த இடம் கிடையாது. தேனி பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஆரப்பாளையத்தில் இறங்கி ஷேர் ஆட்டோவில் வருவதே மேல்.