பார்க்கிங்கில் குழாய் இல்லையா? டிரம் வைத்த பிரஷர் வாஷர்: உறிஞ்ச விடுவதா, தானாக இறங்க விடுவதா?

பெங்களூரு அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் கரண்ட் கிடைத்துவிடும், தண்ணீர்தான் கிடைக்காது. ஸ்கூட்டர் சார்ஜ் போட வைத்த 16 ஆம்பியர் பாயிண்ட் தூணில் இருக்கும். பக்கத்தில் குழாய் இருக்காது. இருந்தாலும் கார் கழுவ அதைத் திறக்க அசோசியேஷன் ஒத்துக்கொள்ளாது. 2024 மார்ச்சில், குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்ட பிறகு கெடுபிடி இன்னும் கூடியது. ஆக, எந்தத் தண்ணீர் என்பதையும் நாமே முடிவு செய்து, அதைக் கொண்டுபோய் வைத்துத்தான் கழுவ வேண்டும்.

அதற்கு மூன்று வழி. பக்கெட்டில் குழாயைப் போட்டு அடிக்கும் பேட்டரி துப்பாக்கி ஒன்று. வயர் போட்ட 1,400 முதல் 1,800 வாட் மெஷினை வாங்கி, டிரம்முக்குள் ஹோஸை இறக்கி உறிஞ்ச விடுவது இரண்டாவது. அதே மெஷினுக்கு, மேடை மேல் வைத்த டிரம்மின் அடியிலிருந்து தண்ணீர் தானாக இறங்கும்படி செய்வது மூன்றாவது. நாங்கள் நிற்பது மூன்றாவதில். காரணம் அழுத்தத்தை அளக்கும் 'பார்' கணக்கு இல்லை, பம்ப் எத்தனை வருடம் உழைக்கும் என்பது.

பேட்டரி துப்பாக்கியை முதலில் முடித்துவிடலாம். நல்ல கம்பெனி துப்பாக்கிகள் 22, 24 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு மூன்று லிட்டர் அடிக்கும். வயர் மெஷின் வேலை செய்யும்போது சுமார் 80 பார், ஆறு லிட்டர். அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கிப் பார்த்தால் ஏழு மடங்கு வித்தியாசம். தூசியும் புது மழைச் சேறும் பேட்டரி துப்பாக்கிக்குப் போய்விடும். சக்கர வளைவுக்குள் காய்ந்து இறுகிய செம்மண் போகாது. '48', '88' என்று பெரிய எண் ஒட்டிய மலிவுத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் இருப்பது வரிசையாக ஐந்து லித்தியம் செல், முழு சார்ஜில் 21 வோல்ட். அந்த எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். பைக் மட்டும் வைத்திருப்பவருக்கும், பார்க்கிங்கில் பிளக் பாயிண்ட்டே இல்லாதவருக்கும் கம்பெனி பேட்டரி துப்பாக்கிதான் சரி. அவர்கள் டிரம், வால்வு என்று அலைய வேண்டியதில்லை.

கார் இருக்கிறது, பாயிண்ட்டும் இருக்கிறது என்றால் வயர் மெஷின்தான். அதில் கடைக்காரர் சொல்லாமல் விடும் விஷயம் தண்ணீர் உள்ளே வரும் பக்கம். வீட்டு உபயோக மெஷின்கள் குழாய் அழுத்தத்தோடு வரும் தண்ணீரை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. பல மாடல்கள் உறிஞ்சவும் செய்யும், ஆனால் அரை மீட்டர் உயரம் வரைதான். பம்புக்குள் மூன்று சிறிய பிஸ்டன்கள், ஒவ்வொன்றுக்கும் ரப்பர் சீல். அந்த சீலைக் குளிரவைப்பதும் வழுக்க விடுவதும் ஓடுகிற தண்ணீரேதான். தண்ணீரோடு காற்றும் கலந்து வந்தால் சீல் சூடேறிக் கெட்டியாகும், பிறகு கசியும்.

குழாயோடு இணைத்த ஹோஸில் ஒரு ஜாயிண்ட் தளர்ந்திருந்தால் தண்ணீர் வெளியே சொட்டும், பார்த்ததும் முறுக்கிவிடுவோம். உறிஞ்சும் ஹோஸில் அதே ஜாயிண்ட் தளர்ந்தால் ஒரு சொட்டுகூட வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். தரை காய்ந்தே இருக்கும், எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். 'க்ளிக்' என்று மாட்டும் பிளாஸ்டிக் கனெக்டர்கள் இதில்தான் ஏமாற்றும்: உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கும்படி செய்த ஓ-ரிங், வெளிக்காற்றை அந்த அளவுக்குத் தடுக்காது. அடையாளம் கையில் தெரியும். துப்பாக்கி துடிக்கும், பீச்சல் விட்டு விட்டு வரும், மோட்டார் சத்தம் ஏறி இறங்கும், ஹோஸ் நிறமில்லாததாக இருந்தால் உள்ளே பால் போல வெண்மை தெரியும். பலர் இதை மோட்டார் கோளாறு என்று சர்வீசுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கோளாறு பெரும்பாலும் ஜாயிண்ட்டின் ஒரு ரப்பர் வாஷரில் இருக்கும்.

உறிஞ்சும் முறையே தேவை என்றால், நுனியில் சல்லடையோடு கூடிய ஃபுட் வால்வு கட்டாயம். அது இல்லாவிட்டால் டிரிக்கரை விட்டதும் தண்ணீர் திரும்ப இறங்கி, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஹோஸை நிரப்ப வேண்டிவரும். தோட்டத்து மெல்லிய ஹோஸ் உறிஞ்சலில் சப்பிப்போகும். கம்பிச் சுருள் வைத்த ஹோஸ்தான் தாங்கும். இத்தனையும் செய்தாலும் காற்றுப் பிரச்சினை இருந்துகொண்டே இருக்கும். டிரம்மின் அடியில் ஓட்டை போட்டால் அது அடியோடு தீர்கிறது: ஜாயிண்ட்டுகள் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வந்துவிடும், கசிவு இருந்தால் கண்ணில் படும்.

50 லிட்டர் எச்.டி.பி.இ. (கெட்டி பிளாஸ்டிக்) டிரம் போதும். முழு மூடி திறக்கும் அகல வாய் டிரம்மாகப் பாருங்கள். சின்ன வாய் டிரம்மில் கை நுழையாது, உள்பக்க நட்டைப் பிடிக்க முடியாது. கெமிக்கல் வந்த பழைய டிரம் வேண்டாம். முக்கால் இஞ்ச் டேங்க் கனெக்டர், பால் வால்வு, ஹோஸ் நிப்பிள், இரண்டு ஸ்டீல் கிளிப், டெஃப்லான் டேப், ஒன்றரை மீட்டர் முக்கால் இஞ்ச் நூல் பின்னிய ஹோஸ். பெங்களூரு எஸ்.ஜே.பி. ரோடு ஹார்டுவேர் கடைகளில் எல்லாம் ஒரே நடையில் கிடைக்கும். மெஷினோடு வந்த இன்லெட் கனெக்டரைக் கையில் எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது நடை நிச்சயம்.

ஓட்டை அடியிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் மேலே இருக்கட்டும். சம்ப்பிலிருந்து வரும் வண்டல் கீழேயே தங்கிவிடும். பித்தளை முக்கால் இஞ்ச் மரையின் வெளிவிட்டம் சுமார் 26.5 மில்லிமீட்டர், 27 அல்லது 28 மில்லிமீட்டர் ஹோல் சா (வட்டத் துளை போடும் பிளேடு) சரியாக இருக்கும். பிளாஸ்டிக் கனெக்டர் என்றால் அளந்து பார்த்தே துளையுங்கள். ரப்பர் வாஷர் இரண்டு பக்கமும் வேண்டும். கையால் இறுகிய பிறகு ஸ்பேனரில் அரைச் சுற்று, அதற்கு மேல் முறுக்கினால் வாஷர் பிதுங்கிவிடும். டெஃப்லான் டேப், வால்வு மரைக்கு மட்டும். டிரம்மை நிரப்பி, அடியில் பழைய செய்தித்தாள் விரித்து ஓர் இரவு விடுங்கள். காலையில் தாளில் வட்டக் கறை இருந்தால் எந்த ஜாயிண்ட் என்று அதுவே காட்டிவிடும்.

மேடைக்கு ஆறு இஞ்ச் சாலிட் பிளாக் நான்கு, இரண்டிரண்டாக அடுக்கினால் ஓர் அடி. மெஷினின் நுழைவாய் டிரம் அவுட்லெட்டை விடத் தாழ இருக்க வேண்டும். நெட்டுக்குத்தாக நிற்கும் மாடல் என்றால் இன்னொரு வரிசை ஏற்றுங்கள். டிரம்மை நிரப்பித் தூக்காதீர்கள், ஐம்பது கிலோவுக்கு மேல் வரும். காலி டிரம்மை மேடையில் வைத்து, 20 லிட்டர் கேனால் ஊற்றுங்கள். மூடியை இறுக்கவும் கூடாது. காற்று உள்ளே போக வழியில்லாமல் ஓட்டினால் டிரம்மின் வயிறு உள்ளே ஒட்டும், பம்ப் பட்டினி கிடக்கும்.

ஓட்டத் தொடங்கும்போது மெஷினை ஆன் செய்யாமலே வால்வைத் திறந்து, துப்பாக்கி நுனிக் குழலைக் கழற்றி, டிரிக்கரை அழுத்திப் பிடியுங்கள். முதலில் இருமுவதுபோல் காற்றும் நீருமாக வரும். ஒரே கோடாக நீர் ஒழுகிய பிறகே சுவிட்ச். மட்டம் அவுட்லெட்டை நெருங்கும்போது மேலே சிறு சுழல் உருவாகி, அது வழியாகவும் காற்று இறங்கும். அதனால் கடைசி ஏழு லிட்டரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். டிரம்மில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, அங்கே நிறுத்துங்கள். மிச்சம் 43 லிட்டர், டிரிக்கர் அழுத்திய நேரமாக ஏழு நிமிடம். முதல் நனைப்புக்கு மூன்று, நுரை அலச நான்கு என்று பிரித்தால் ஒரு ஹேட்ச்பேக் முடியும். எஸ்.யு.வி.க்கு இடையில் இரண்டு கேன் கூடுதலாக ஊற்ற வேண்டியிருக்கலாம்.

எந்தத் தண்ணீர் என்பதில் ஒரு எச்சரிக்கை. ஆர்.ஓ. கழிவுநீரைச் சேர்த்து வைத்து வண்டி கழுவுவது நல்ல பழக்கம்தான், ஆனால் அதில் உப்பு, ஆர்.ஓ.வுக்குள் போன தண்ணீரை விட அதிகம். அடிப்பாகத்துக்கும் சக்கரத்துக்கும் பயன்படுத்துங்கள். கடைசி அலசலுக்கு ஊற்றினால் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி காய்ந்து நிற்கும். வடிகட்டிய மழைநீர் கிடைத்தால் கடைசிக்கு அதுதான் அருமை. எஸ்.டி.பி. நீர் (சுத்திகரித்த கழிவுநீர்) அனுமதிக்கப்பட்டதே, ஆனால் பிரஷர் வாஷர் அதைப் பொடிச்சாரலாக்கி மூக்குக்குள் அனுப்பும். குளோரின் போட்டுத் தெளிந்த, வாடையில்லாத நீர் என்றால் மட்டும் எடுங்கள். உப்பு நீர் ஓடும் மெஷினில் நுழைவாய் சல்லடையை மாதம் ஒருமுறை கழற்றி வினிகரில் ஊறவையுங்கள். நாசில் துளை ஒரு மில்லிமீட்டர் அளவுதான், கூடவே வரும் ஊசியால் குத்திவிடுங்கள்.

கரண்ட் பக்கம் சுருக்கமாக: 1,800 வாட் மெஷின் எட்டு ஆம்பியர் வரை இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டக் கூடாது. நீட்டிப்பு வயர் 1.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல், சுருளை முழுக்கப் பிரித்துப் போட்டு, ஜாயிண்ட் ஈரத்தில் படாமல் தொங்கட்டும். அந்த லைனில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

முடித்ததும் மெஷினை ஆஃப் செய்து, வால்வை மூடி, டிரிக்கரை ஒருமுறை அழுத்தி உள்ளே நிற்கும் அழுத்தத்தை விடுங்கள். மிஞ்சிய ஏழு லிட்டரைச் செடிக்கு ஊற்றி, டிரம்மை வால்வு திறந்தபடி கவிழ்த்து வையுங்கள். பார்க்கிங்கில் மூடி தளர்ந்த டிரம்மில் தண்ணீர் நின்றால் ஒரே வாரத்தில் கொசுப் புழு நெளியும்.