டங்ஸ்டன் என்று சொல்லி ஈயத்தைத் தலையில் கட்டிவிட்டான், 118 டாலர் போச்சு

கோபத்தில் எழுதுகிறேன், கோர்வை இல்லாமல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நியூ ஜெர்சி, லாங் ஐலண்ட் பக்கம் கரையில் நின்று ஸ்ட்ரைப்டு பாஸ் (ஸ்ட்ரைப்பர்) என்கிற கடல் மீனைப் பிடிக்கிற நம்மாட்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதிலும் ராத்திரியில் உயிர் விலாங்கை இரையாகப் போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். ஆன்லைன் சந்தை ஒன்றில், தூண்டிலில் எடைக்குக் கட்டுகிற டங்ஸ்டன் குண்டு என்று 118 டாலர் வாங்கிக்கொண்டு, கறுப்புப் பெயின்ட் அடித்த வெறும் ஈயத்தை அனுப்பியிருக்கிறான் ஒருத்தன். ஏமாறாமல் வாங்குவது எப்படி என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். அலை அமைதியாக இருந்தால் விலாங்குக்கு எடையே தேவையில்லை, தூண்டில் முள்ளைக் கீழ்த்தாடையில் கொடுத்துக் கண் வழியாக எடுத்து, வீசி, மெதுவாகச் சுற்றிக்கொண்டு வந்தால் போதும். ஆனால் ஐலண்ட் பீச் ஸ்டேட் பார்க்கின் தெற்கு முனையில், பார்னகட் கழிமுகத்துக் கல் அணை மேல் நின்று பாருங்கள். வற்று நீரோட்டம் இழுக்கிற இழுப்பில் வெறும் விலாங்கு தண்ணீர் மட்டத்திலேயே அடித்துக்கொண்டு போய்விடும், எதிர்க்காற்று அடித்தால் வீசவும் முடியாது. அதற்காக எடையைக் கூட்டினாலும் வம்பு. விலாங்கு அடியில் போய்க் கல் இடுக்கில் நுழைந்துகொள்ளும், இல்லையென்றால் தூண்டில் நரம்பைத் தன்னைச் சுற்றி முடிச்சு முடிச்சாகப் போட்டுக்கொண்டு ஒரு உருண்டையாக வந்து சேரும். அதனால் ஸ்விவலுக்கு (நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் இணைப்பு வளையம்) மேலே, முள்ளிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி, நீரோட்டத்துக்குத் தேவையான மிகக் குறைந்த எடை. சிறியதாக இருக்க வேண்டும், கனமாகவும் இருக்க வேண்டும். ஈயத்தின் அடர்த்தி 11.3, டங்ஸ்டன் 19.3. அதே அரை அவுன்ஸ் டங்ஸ்டனில் கிட்டத்தட்ட அறுபது சதவீத அளவில் முடிந்துவிடும், கல்லில் மாட்டுவதும் குறையும். விலை அதிகம்தான், அதனால்தான் இவ்வளவு வயிற்றெரிச்சல்.

நான் எப்படி நம்பினேன் என்பதுதான் முக்கியம். விலை மலிவாக இருந்தால் சந்தேகம் வந்திருக்கும், இவன் மலிவாகப் போடவில்லை. அரை அவுன்ஸ் நாற்பது குண்டு, 118 டாலர், ஊர் விலைதான். வாங்கும் முன் இரண்டு கேள்வி கேட்டேன். பதில் வந்தது பாருங்கள், அப்படி ஒரு பதில்! விலாங்கை ஐஸ் மேல் ஈரத்துணி போட்டு வை, மந்தமாக இருக்கும்போது துணியோடு பிடித்து முள்ளைப் போடு என்கிறான். 2021 முதல் ஸ்ட்ரைப்பருக்கு உயிர் இரை போட்டால் சர்க்கிள் ஹூக்தான் (முனை உள்நோக்கி வளைந்த முள்) போட வேண்டும், மறக்காதே என்று எனக்கே நினைவூட்டுகிறான். தானும் கேப் காட் கால்வாயில் ராத்திரி நிற்கிறவன் என்றான். '97 சதவீதம் டங்ஸ்டன்' என்று முத்திரை குத்திய சான்றிதழ் படம் ஒன்றும் அனுப்பினான். இவ்வளவு தெரிந்தவன் பொய் சொல்வானா என்றுதான் எவருக்கும் தோன்றும். பாம்புக்கு வாலையும் மீனுக்குத் தலையையும் காட்டும் விலாங்கு என்று நம் ஊரில் சொல்வார்கள், விலாங்கைப் பற்றியே பேசி அந்த வேலையைப் பார்த்துவிட்டான்.

கல் அணையில் ஒரு குண்டு மாட்டி, இழுத்து எடுத்து, தலைவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் உரசின பக்கம் பெயின்ட் உரிந்து வெள்ளையாகப் பளபளக்கிறது, ஓரம் நசுங்கியிருக்கிறது. டங்ஸ்டன் நசுங்குமா? நகத்தால் அழுத்தினேன், கோடு விழுந்தது. வீட்டுக்கு வந்து காகிதத்தில் தேய்த்தேன், பென்சில் மாதிரி சாம்பல் கோடு. மகளுக்குக் காய்ச்சல் மருந்து ஊற்றும் கோப்பையில் 15 மில்லி தண்ணீர் விட்டுப் பத்து குண்டு போட்டேன், 27ஐத் தாண்டி ஏறியது. டங்ஸ்டனாக இருந்தால் 23 பக்கம் நின்றிருக்க வேண்டும். சமையலறை மேசையில் ஐந்து நிமிட வேலை, வேறு என்ன சாட்சி வேண்டும்?

வேண்டுமாம். விற்றவனிடம் கேட்டால் முதலில் "பெயின்ட் உரிவது சகஜம், சார்". அப்புறம் "உப்புத் தண்ணீரில் பயன்படுத்தினீர்களா?" என்றான். கடல் மீன் பிடிக்கிற குண்டை வேறு எங்கே போடுவார்கள், குளியல் தொட்டியிலா? மூன்றாவது கேள்விக்குப் பதிலே இல்லை. சந்தைக்காரர்களிடம் போனால் முதலில் ஒரு பாட் (தானாகப் பதில் சொல்லும் கணினி நிரல்) பேசுகிறது, படம் அனுப்பு என்கிறது. அனுப்பினேன். "படத்தில் உள்ள பொருள் விளம்பரத்தில் உள்ளதுபோலவே இருக்கிறது" என்று பதில். ஆமாம், கறுப்பாக இருக்கிறது! தண்ணீர் அளந்த வீடியோ அனுப்பினேன், பாக்கெட் பிரித்தாகிவிட்டது, திருப்பி எடுக்க முடியாது என்றார்கள். பிரிக்காமல் எப்படி அளப்பது? நியூயார்க்கில் அரை அவுன்ஸும் அதற்குக் கீழும் உள்ள ஈயக்குண்டு விற்கவே தடை, 2004லிருந்து, இதை அங்கேயும் விற்கிறானே, அந்த விளம்பரத்தையாவது எடுங்கள் என்றேன். "உங்கள் கருத்துக்கு நன்றி." கடைசியில் ஒரு அம்மா நேரில் பேசினார், மரியாதையாகவே பேசினார், அடுத்த முறை வாங்க 10 டாலர் கூப்பன் தருகிறோம் என்றார். 118 டாலர் போனவனுக்கு, அதே சந்தையில் மறுபடி வாங்கப் பத்து டாலர். வேண்டாம்மா என்று வைத்துவிட்டேன். இப்போது கார்டு பேங்க்கில் புகார் போட்டிருக்கிறேன், அவர்கள் "நிபுணர் கடிதம்" கேட்கிறார்கள். ஈயத்துக்கு நிபுணரை எங்கே போய்த் தேடுவது?

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது, சுருக்கமாகவே சொல்கிறேன். டங்ஸ்டன் என்று எது வந்தாலும் பாக்கெட்டைப் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். கத்தி முனையால் கீறிப் பாருங்கள், பெயின்டுக்கு அடியில் உலோகத்திலும் சுலபமாக ஆழமான கோடு விழுந்தால் அன்றைக்கே புகார் போடுங்கள், மீன்பிடிக்கப் போய்விட்டு வந்து போடாதீர்கள், அதை வைத்தே மடக்குவார்கள். சான்றிதழ் படத்தை நம்பாதீர்கள். முடிந்தால் விலாங்கு வாங்குகிற இரைக் கடையிலேயே ஒன்றிரண்டு குண்டு கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். அந்த நாற்பதில் மிச்சம் இருப்பதைக் குப்பையில் போடவில்லை, பேங்க் கேட்டால் காட்ட வேண்டும், டப்பாவில் மூடி மகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறேன். இதே கறுப்புக் குண்டு, இதே சான்றிதழ் படத்தோடு வேறு யாருக்காவது வந்திருந்தால் கீழே சொல்லுங்கள், சேர்ந்து புகார் போடலாம்.