பகிர்ந்த மரத்தில் கிளையை இழுத்துப் போட்டால்

தலைப்பு, அதற்குள் துணைத்தலைப்பு, அதற்குள் வேலை என்று மரம்போல அடுக்கடுக்காகக் கிளைவிடும் தரவைப் பலர் ஒரே நேரத்தில் திருத்த வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உண்டு. சேர்ப்பது, பெயர் மாற்றுவதெல்லாம் மூன்றிலும் ஒப்பேறிவிடும். யாராவது ஒரு கிளையை வேறு இடத்துக்கு இழுக்கும்போதுதான் சாயம் வெளுக்கும்.

முதல் வழி, மேப்புக்குள் மேப். மேப் என்றால், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு மதிப்பை வைக்கும் பெட்டி. எழுத எளிது, பார்க்க ஜேசான் (JSON) என்ற தரவு வடிவம் மாதிரியே இருக்கும். ஆனால் கூட்டாகத் திருத்துவதற்கான நிரல் நூலகமான ஒய்ஜேஎஸ்ஸில் (Yjs), ஆவணத்தில் ஒருமுறை ஒட்டிய மேப்பை அப்படியே பெயர்த்து வேறு இடத்தில் நட முடியாது. நகலெடுத்துப் புது இடத்தில் வைத்து, பழையதை அழிக்க வேண்டும். சரி, அதே நொடியில் இன்னொருவர் அந்தக் கிளைக்குள் ஒரு பத்தியைத் திருத்திக்கொண்டிருந்தால்? அவர் திருத்தியது பழைய பிரதியில். அது அழிந்ததும் அவர் எழுதியதும் போச்சு. இருவரும் ஒரே கிளையை நகர்த்தினாலோ, ஒன்று இரண்டாகிவிடும். பிழைச்செய்திகூட வராது என்பதுதான் கொடுமை.

இரண்டாவது, வடிவமைப்புச் செயலியான ஃபிக்மா 2019-இல் விளக்கிய வழி. பொருள்கள் எல்லாம் ஐடியோடு ஒரே மட்டத்தில் கிடக்கும். ‘என் தாய் யார்’, அதாவது எதற்குள் இருக்கிறேன் என்பது ஒவ்வொன்றிலும் ஒரு மதிப்பு, அவ்வளவுதான். வரிசைக்குப் பின்னம்: 0.3-க்கும் 0.4-க்கும் நடுவே நுழைய 0.35. நகர்த்தல் என்பது அந்தத் தாய் மதிப்பை மாற்றுவதுதான் என்பதால், உள்ளே நடந்த திருத்தங்கள் ஐடியைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்துவிடும்.

வம்பு, சுழலில். நான் ‘அ’வை ‘ஆ’வுக்குள் போடுகிறேன், அதே நேரம் நீங்கள் ‘ஆ’வை ‘அ’வுக்குள் போடுகிறீர்கள். ஒன்றுக்கொன்று தாயாகி, இரண்டுமே மரத்திலிருந்து கழன்றுவிடும். ஃபிக்மாவில் சர்வர்தான் நாட்டாமை: சுழலை உண்டாக்கும் மாற்றத்தை அது நிராகரித்துவிடும். தீர்ப்பு வரும்வரை அந்தப் பொருள்கள் திரையில் சற்று மறைந்திருக்கலாம்.

மூன்றாவது, கணினி ஆய்வாளர் மார்ட்டின் கிளெப்மான் குழுவினரின் நகர்த்தல் அல்காரிதம். நாட்டாமையே வேண்டாம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு நேரமுத்திரை. தாமதமாக ஒன்று வந்தால், அதற்குப் பிந்தையவற்றைப் பின்வாங்கி, அதைச் செருகி, மறுபடி ஓட்டும். சுழல் வருமென்றால் அந்த நகர்த்தலைக் கண்டுகொள்ளாது. எல்லாக் கணினிகளிலும் அதே முடிவு. ஆனால் அதற்கு, நடந்த நகர்த்தல்களின் நீளமான பதிவேட்டைச் சுமக்க வேண்டும். நெடுநாள் ஆஃப்லைனில் கிடந்த மடிக்கணினி இணைந்தால் பின்வாங்கலும் நீளும்.

சர்வர் இருக்கிற ஆப்புக்கு நான் யோசிக்காமல் இரண்டாவதைத்தான் எடுப்பேன். சர்வரே கூடாது என்றால் மட்டும் மூன்றாவது. மேப்புக்குள் மேப், யாரும் எதையும் இழுக்கப்போகாத அமைப்புகள் (settings) பக்கத்துக்குத் தாராளமாகப் போதும்.