ஒய்டிஎம்-4: டெல்டா தண்டவாளத்துக்கு ஏற்ற எஞ்சின்

மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலப் பாதை) காலத்தில் திருவாரூர், மயிலாடுதுறை பக்கம் வண்டி ஓட்டிய எங்களில் பலருக்குக் கைக்குப் பழகிய டீசல் எஞ்சின் ஒய்டிஎம்-4 தான். அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனம் வடிவமைத்தது. 1960-களில் இங்கே வந்தது, பிறகு வாரணாசியிலேயே கட்டத் தொடங்கினார்கள். ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், ஏறத்தாழ 1,400 குதிரைத்திறன்.

எனக்கு இதில் பிடித்ததே எடைதான். 72 டன்னை ஆறு அச்சுகள் தாங்குவதால் ஓர் அச்சுக்கு 12 டன்தான் விழும். அகலப்பாதையின் டீசல் எஞ்சினான டபிள்யூடிஎம்-2 என்றால் கிட்டத்தட்ட 19 டன். வண்டல் மண்ணில் போட்ட லேசான தண்டவாளம், திரும்பின பக்கமெல்லாம் வாய்க்கால் பாலம் என்றிருந்த நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான எஞ்சின் எனக்குத் தெரியாது. 2019-ல் திருவாரூர் - காரைக்குடி தடம் அகலப்பாதையாகத் திறந்தபோதும் எனக்கு இந்தக் கணக்குதான் நினைவுக்கு வந்தது.

மலையேற்றம் கிடையாது, அதனால் நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸையும் அலுங்காமல் இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் சோதனை. சக்கரம் வழுக்கினால் பஸ்ஸர் அடிக்கும், விளக்கு எரியும். உடனே நாட்சை, அதாவது எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியின் படியை, குறைத்து, பிடிப்புக்காகத் தண்டவாளத்தில் மணல் தூவி, மறுபடி மெதுவாக ஏற்ற வேண்டும். மணல் ஈரமாகிக் குழாயில் கட்டிக்கொண்டால் ஒன்றும் விழாது. அதனால் புறப்படும் முன் சாண்ட் பாக்ஸைத் திறந்து, கையை விட்டு உதிர்த்துப் பார்ப்பேன். உள்ளங்கையில் ஒட்டினால் மணலை மாற்றச் சொல்லிவிடுவேன்.

நாட்சை அவசரமாக ஏற்றினால் கரும்புகை கக்கும். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ வேகம் பிடித்துக் காற்றைக் கொடுக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். பெரிய பழுது பார்க்கப் பொன்மலை பணிமனை பக்கத்திலேயே இருந்தது நம் பக்கத்துக்குப் பெரிய வசதி.

குறை என்றால் கேபின். ஒரு முனையில்தான் இருக்கும். எஞ்சினை மூடியிருக்கும் நீளமான ஹூட் முன்னால் வரும்படி ஓட்டும்போது, எதிர்ப்பக்கத்துக்கு உதவி டிரைவரின் கண்தான் நம் கண். அறுவடைக் காலத்தில் ஆளில்லாத கேட் ஒவ்வொன்றிலும் ஹாரனை விடாமல் அடிப்பேன். "அண்ணே, டிராக்டர் ஏறுது!" என்று அவர் கத்தியதும் பிரேக் போட்டாக வேண்டும், ஏன் என்று கேட்க நேரமில்லை. போட்ட பிறகு, பிரேக்கை விடுவிக்கும் வாக்குவம் (பிரேக் குழாயின் வெற்றிடம்) முழுசாக ஏறும்வரை வண்டியை எடுக்கவும் முடியாது. இரண்டு முனையிலும் கேபின் வைத்திருந்தால் இந்த எஞ்சினில் வேறொன்றும் நான் கேட்டிருக்க மாட்டேன்.