இரு தொட்டியா, ஒரே தொட்டியா: தக்காளிக்கு உரக்கரைசல் கலக்கும் முறை

மொரீஷியஸில் கியூர்பிப் பக்கம் பசுமைக்குடிலில் மண்ணில்லாமல் தக்காளி வளர்க்கும் நம்மவர்கள், உரங்களை ஏ, பி என இரண்டு அடர்கரைசல்களாக வைப்பதா, எல்லாவற்றையும் பாசனத் தொட்டியிலேயே நேரடியாகக் கரைப்பதா என்று கேட்பதுண்டு. நான் இரு தொட்டி முறையைத் தேர்ந்தவன். என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

செலவில் நேரடி முறையே மலிவு. அதற்குப் பெரிய தொட்டியும் தராசும் போதும்.

ஆனால் முடிவைத் தீர்மானிப்பது சொட்டுவான்களின், அதாவது செடிக்குச் செடி கரைசலைச் சொட்டவிடும் சிறு துளைக் கருவிகளின், பராமரிப்பு. கால்சியம் நைட்ரேட்டும் மெக்னீசியம் சல்பேட்டும் தனித்தனியே நீரில் தாராளமாகக் கரைந்தாலும், அடர்த்தியாக ஒன்று சேர்ந்தவுடன் கால்சியமும் சல்பேட்டும் இணைந்து ஜிப்சமாக வீழ்படிகின்றன. ஜிப்சம் லிட்டருக்கு ஏறக்குறைய 2.4 கிராம்தான் கரையும் என்பதால், வழக்கமான தக்காளிக் கலவையை நூறு மடங்கு அடர்த்தியில் ஒரே தொட்டியில் கலந்தால், 100 லிட்டருக்குச் சுமார் 6 கிலோ வெண்சேறு அடியில் தங்கும். ஆகவே ஏ தொட்டியில் கால்சியம் நைட்ரேட்டும் இரும்புக் கொடுக்கிணைப்பும் (படியாமல் கரைந்தே இருக்கும்படி கட்டிவைத்த இரும்பு, கீலேட்), பி தொட்டியில் சல்பேட்டுகளும் பாஸ்பேட்டும் நுண்ணூட்டங்களும் இருக்கின்றன. பொட்டாசியம் நைட்ரேட்டை இரண்டிலும் பகிரலாம்.

செடிக்குப் போகும் நீர்த்த நிலையில் அதே உப்புகள் ஜிப்சத்தின் எல்லைக்குள் அடங்கிவிடுவதால், நேரடி முறை வேதியியலுக்கு விரோதமானதன்று. சிக்கல் கொட்டும் கணத்தில்தான்: கால்சியம் நைட்ரேட் முழுதும் கரைந்து பரவுவதற்குள் பாஸ்பேட்டைப் போட்டால், அந்த இடத்தில் மட்டும் பால்போலக் கலங்கி, கால்சியம் பாஸ்பேட் துகள்கள் வடிகட்டியையும் தாண்டிச் சொட்டுவானுக்குள் போகின்றன. பாஸ்பேட், கார்பனேட் படிவுகளை நீர்த்த நைட்ரிக் அமிலம் கரைத்துவிடும். ஜிப்சமோ அமிலத்துக்கு எளிதில் அசைவதில்லை, அடைத்தால் சொட்டுவானையே மாற்ற வேண்டியதுதான்.

இரு தொட்டி முறைக்கும் ஒரு குறை உண்டு. பொட்டாசியம் சல்பேட் 20 பாகை செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 110 கிராம்தான் கரையும், அதுவும் மெதுவாக. பொட்டாசியம் நைட்ரேட்டோ கரையும்போதே வாளியைத் தொட்டால் சில்லிடும் அளவுக்கு நீரைக் குளிர்விக்கும். இங்கே குளிர்காலமான ஜூலை, ஆகஸ்ட் காலைகளில் இவற்றுக்கு வெதுவெதுப்பான நீர் நல்லது. எனினும் இந்த உப்புகளில் கரையாமல் நிற்பது சூட்டிலும் கலக்கலிலும் மறுபடி கரைந்துவிடும். ஜிப்சம் அப்படிக் கரையாது.

சொட்டுவானே இல்லாமல் குழாயில் ஓடும் நீரில் லெட்யூஸ் வளர்ப்பவர்களுக்கு இந்த வாதம் பாதி வலுவிழக்கும். அதில் என் பழக்கம் குறைவு. சில வரிசைச் செடிகளே வைத்திருப்பவர் நேரடி முறையிலேயே தொடரலாம்: தொட்டியில் முதலில் நீரை நிரப்பி, ஒவ்வோர் உப்பையும் தனி வாளியில் முழுதும் கரைத்து ஊற்றி, கலக்கிவிட்டு, கால்சியம் நைட்ரேட்டைக் கடைசியில் சேர்க்க வேண்டும்.