ஏற்காட்டுத் தோட்டம் கடலுக்குள் போனது: ஸ்நேக்மேக்கா, நெக்ஸ்ட்ஃப்ளோவா?

"சார், நம்ம தோட்டம் கடலுக்குள்ள கிடக்குது" என்று ஏற்காட்டிலிருந்து மாணவி போனில் சொன்னபோது, சிக்னல் சரியில்லை, காதில் தப்பாக விழுகிறது என்றுதான் நினைத்தேன். சேலத்தில் என் மேசையில் அதே கோப்பை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்தேன். நாகலூர்ப் பக்கம் சில்வர் ஓக் நிழலில் ஜிபிஎஸ் வைத்து எடுத்த புள்ளிகள் அத்தனையும் வடதுருவத்துக்குப் பக்கத்தில், ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய கடலில் மிதந்துகொண்டிருந்தன.

காரணம் பிடிபட அரை நாள் ஆனது. ஏற்காடு சுமார் 11.8 பாகை வடக்கு, 78.2 பாகை கிழக்கு. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் ஸ்வால்பார்ட் கடல். நிரலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, அது ஓடிய இயந்திரம்தான் மாறியிருந்தது. வரைபடத் தரவைப் படித்து மாற்றித் தருவது ஜிடால் என்ற நிரல்தொகுப்பு. என் கணினியில் இருந்தது ஜிடால் 2.4, கிளஸ்டரில் (பல கணினிகளைச் சேர்த்துப் பலர் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு) இருந்தது ஜிடால் 3. 2019இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து ஈபிஎஸ்ஜி 4326 என்ற, ஜிபிஎஸ் புள்ளிகளுக்கான ஆயமுறைக்கு அட்சரேகை முதலில், தீர்க்கரேகை பிறகு என்ற அதிகாரபூர்வ வரிசையை ஜிடால் கடைப்பிடிக்கிறது. எங்கள் நிரல் பழைய வழக்கப்படி தீர்க்கரேகையை முதலில் எதிர்பார்த்தது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, லாக் கோப்பில் 'முடிந்தது' என்றே இருந்தது. பிழை காட்டி நின்றிருந்தால் எவ்வளவோ தேவலை.

எங்கள் வேலை பெரிய வேலை இல்லை. சென்டினல்-2 படங்களை இறக்கி, மேகத்தை மறைத்து, சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களில் நிழல் மரங்கள் எவ்வளவு அடர்த்தி என்று 10 மீட்டர் கட்டங்களில் வரைபடம் எடுக்கிறோம். ஆனால் இது மூன்று இடத்தில் ஓட வேண்டும்: சேலத்தில் விண்டோசுக்குள் லினக்ஸ் வைத்திருக்கும் என் மேசைக் கணினி, ஏற்காட்டில் மாணவியின் லேப்டாப், அப்புறம் நேரம் கேட்டு வாங்கி ஓட்டும் ஒரு கிளஸ்டர். அதுவரை எல்லாம் ஒரே ஷெல் ஸ்கிரிப்ட்டில் இருந்தது. கடலுக்குப் போய் வந்த பிறகுதான் ஒழுங்கான வொர்க்ஃப்ளோ கருவிக்கு, அதாவது எந்தப் படிக்குப் பிறகு எந்தப் படி என்று பார்த்துத் தானே ஓட்டும் கருவிக்கு, மாறுவது என்று முடிவானது. சிடபிள்யூஎல், நெக்ஸ்ட்ஃப்ளோ, ஸ்நேக்மேக் மூன்றையும் பார்த்தேன்.

காமன் வொர்க்ஃப்ளோ லாங்குவேஜ் எனும் சிடபிள்யூஎல்லை முதலில் ஒதுக்கினேன், கொஞ்சம் மனசில்லாமல்தான். கொள்கையளவில் நியாயமான வழி அதுதான். அது தனி மென்பொருள் இல்லை, ஒரு தரநிலை. எழுதி வைத்ததை சிடபிள்யூஎல்டூல், டாய்ல், ஆர்வாடோஸ் என்று எதில் வேண்டுமானாலும் ஓட்டலாம். ஆனால் படத்தை வெட்டி எடுக்கிற ஒற்றைக் கட்டளைக்கே உள்ளீடு என்ன, வகை என்ன, வெளியீடு என்ன என்று யாமல் என்ற உரை வடிவத்தில் பக்கம் நீண்டது. நாலைந்து படிகளோடு நிறுத்திவிட்டேன். பல நிறுவனங்கள் சேர்ந்து ஓட்டும் வேலை என்றால் அதைப் பார்க்கச் சொல்வேன். எங்கள் மூன்று பேருக்கு அது அண்டாவில் உலை வைக்கிற கதை.

நெக்ஸ்ட்ஃப்ளோவை அப்படித் தள்ள முடியவில்லை. 2013இல் பார்சிலோனாவின் மரபணு ஆய்வு மையத்தில் பிறந்தது. வேலை என்ன என்பதையும் எங்கே ஓடும் என்பதையும் அது பிரித்து வைக்கும் விதம் அழகு. கான்ஃபிக் கோப்பில் ஒரு புரொஃபைலை மாற்றினால் அதே நிரல் லேப்டாப்பிலும் ஓடும், கிளஸ்டரின் ஸ்லர்ம் வேலை வரிசையிலும் போய் நிற்கும், அமேசான் கிளவுடிலும் ஏறும். அதன் ஆசிரியர்கள் 2017இல் நேச்சர் பயோடெக்னாலஜியில் வெளியிட்ட கட்டுரையை எங்கள் கடல் கதைக்குப் பிறகு படித்தேன். ஒரே பைப்லைன் (அடுத்தடுத்த படிகளின் தொடர்) மேக்கிலும் அமேசான் லினக்ஸிலும் கொஞ்சம் வேறுபட்ட விடைகளைத் தந்ததையும், கன்டெய்னருக்குள் (தேவையான மென்பொருள்கள் அத்தனையும் ஒன்றாகக் கட்டிய பொதி) வைத்ததும் விடைகள் ஒன்றானதையும் அதில் காட்டியிருக்கிறார்கள். நமக்கு மட்டும் நடக்கவில்லை என்று ஒரு ஆறுதல்.

அப்படியும் நான் ஸ்நேக்மேக் பக்கம்தான் போனேன். ஒரே காரணம், பராமரிப்பு.

எங்கள் குழுவில் நிரலைக் கையில் எடுப்பவர்கள் எம்.எஸ்சி. மாணவர்கள். ஒருவர் வந்து, மலைப்பாதை பழகி, தோட்டத்து மேஸ்திரியிடம் நல்ல பெயர் வாங்கி, நிரலும் கைக்கு வருகிற நேரத்தில் படிப்பு முடிந்து கிளம்பிவிடுவார். அவர் போன பிறகு அந்தக் கோப்பை யார் திறப்பார், திறந்தால் புரியுமா என்பதே எனக்குக் கேள்வி. எத்தனை இயந்திரத்தில் ஓடும் என்பதெல்லாம் அதற்கு அடுத்துத்தான். ஆளுக்கு ஆள் கைமாற முடியாத பைப்லைன் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறி என்ன பயன்?

அதனால் ஒரு சின்னப் பரீட்சை வைத்தேன். புதிதாகச் சேர்ந்த பையனிடம் இரண்டு வடிவத்தையும் கொடுத்து, மேக மறைப்புக்குப் பிறகு ஒரு படி சேர்க்கச் சொன்னேன். ஸ்நேக்மேக்கில் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட்டான். அது பைதானை ஒட்டி எழுதுவது, அவனுக்கும் பைதான் தெரியும். ஒவ்வொரு விதியும் 'இந்தக் கோப்பு வேண்டும் என்றால் அந்தக் கோப்பு தேவை' என்று சொல்கிறது, கருவி கடைசி வரைபடத்திலிருந்து பின்னோக்கி நடந்து என்னென்ன செய்ய வேண்டும் என்று கண்டுபிடிக்கிறது. கோப்பின் பெயரிலேயே தேதி இருப்பதால் எது எதனோடு சேரும் என்பதில் குழப்பம் இல்லை.

நெக்ஸ்ட்ஃப்ளோவில் தரவு சேனல் வழியாக ஓடி வரும், எழுதுவது குரூவி மொழியில். பையன் படங்களை ஒரு சேனலிலும் மேக மறைப்புகளை இன்னொன்றிலும் விட்டு இரண்டையும் நேராக ஒரே படிக்குள் கொடுத்தான். எந்த வேலை முதலில் முடிகிறதோ அது முதலில் வந்து நிற்கும் என்பது அவனுக்குத் தெரியாது. ஜனவரிப் படத்துக்கு பிப்ரவரி மேகம் போய் உட்கார்ந்தது. இங்கேயும் பிழைச் செய்தி இல்லை! தேதியைச் சாவியாக வைத்து இணைக்கும் வழி நெக்ஸ்ட்ஃப்ளோவில் இருக்கிறது, தெரிந்தவர் அதைத்தான் செய்வார். தெரியாதவர் வருடா வருடம் வருகிற இடம் எங்களுடையது.

இரண்டாவது தெரிவு கன்டெய்னர். இதில் யோசிக்க அதிகம் இல்லை. பலரும் பயன்படுத்தும் கன்டெய்னர் கருவியான டாக்கரின் பின்னணிச் சேவை வழக்கமாக ரூட் உரிமையோடு, அதாவது முழு நிர்வாகி உரிமையோடு ஓடுகிறது. பலர் பகிர்ந்துகொள்ளும் கிளஸ்டரில் அதை விடமாட்டார்கள். சிங்குலாரிட்டி என்று இருந்து 2021இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனுக்குள் போனபோது பெயர் மாறிய ஆப்டெய்னர், சாதாரணப் பயனராகவே ஓடும். கன்டெய்னர் வேண்டாம், மென்பொருள்களை நிறுவித் தரும் கோண்டா போதும் என்பவர்கள் உண்டு. நாங்கள் ஓட்டும் கிளஸ்டரில் கணக்கிடும் நோடுகளுக்கு இணையம் கிடையாது. ஆயுள் முடிந்துபோன சென்ட்ஓஎஸ் 7 லினக்ஸ், அதில் நிரல்கள் நம்பி நிற்கும் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2.17, புதிய நிரல்கள் பல அதில் எழுந்திருக்கவே மாட்டேன் என்கின்றன. கன்டெய்னர் தன் ஜிலிப்சியைத் தானே கொண்டு வந்துவிடும். ஜிடால் எந்தப் பதிப்பு என்பதும் உள்ளேயே பூட்டிக் கிடக்கும்.

எனக்குப் பிடித்தது, ஆப்டெய்னர் இமேஜ் ஒற்றை சிஃப் கோப்பாக இருப்பது. ஏற்காட்டில் நெட்டை நம்பி ஒரு ஜிபிக்கு மேல் இறக்க முடியாது. பென்டிரைவில் போட்டு பேருந்தில் கொடுத்து அனுப்பினேன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் லேப்டாப்பில் செருகியதும் ஓடியது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: பொதுவாக அது நம் ஹோம் கோப்புறை, நிற்கும் கோப்புறை, டெம்ப் தவிர வேறெதையும் பார்க்காது. கிளஸ்டரில் படங்கள் ஸ்கிராட்ச் டிஸ்க்கில் இருந்தால் பைண்ட் செய்து (அந்த இடத்தையும் உள்ளே இணைத்து) காட்ட வேண்டும், இல்லாவிட்டால் 'கோப்பைக் காணோம்' என்று ஒரு நாள் போய்விடும். புதிய மேக்புக் வைத்திருப்பவர்களுக்கு வேறு தலைவலி. அதன் ஆர்ம் சிப்புக்கு எங்கள் இமேஜ் பொருந்தாது.

ஸ்நேக்மேக்கும் சாமி இல்லை. 2023 கடைசியில் வந்த 8ஆம் பதிப்பு, கிளஸ்டருக்கு அனுப்பும் பழைய கட்டளையையே எடுத்துவிட்டு பிளக்இன் முறைக்கு மாறியது. எங்கள் ஓட்டும் ஸ்கிரிப்ட் அன்றே படுத்தது. பராமரிப்பு பராமரிப்பு என்று சொல்லித்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன், அதே இடத்தில் அடித்தது. நடந்துகொண்டிருக்கும் புராஜெக்ட்டை 7இலேயே நிறுத்தி வைத்திருக்கிறோம். நெக்ஸ்ட்ஃப்ளோவும் முதல் தலைமுறை எழுத்துமுறையைக் கைவிட்டதுதான், ஆக இதில் இரண்டுக்கும் ஒரே மார்க். கோப்புகளைச் சாதாரணமாக நகலெடுத்தால் நேரமுத்திரை மாறி, ஸ்நேக்மேக் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்டக் கிளம்பலாம். நேரத்தையும் சேர்த்து நகலெடுக்க வேண்டும், இதுவும் பட்டுத்தான் தெரிந்தது.

கிளவுடில் நான் காசு கட்டி ஓட்டியதில்லை. அங்கேதான் வேலை என்று இருப்பவர்கள் என் பேச்சை விட்டுவிட்டு நெக்ஸ்ட்ஃப்ளோவை ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். மரபணு வேலை செய்பவர்களுக்கும் அதையே சொல்வேன், என்எஃப்-கோர் என்ற நெக்ஸ்ட்ஃப்ளோ சமூகத் தொகுப்பில் தயார் பைப்லைன்கள் நிறையக் கிடக்கின்றன.

அடுத்து மேட்டூர்ப் பக்கம் வேலை தொடங்குகிறோம். அங்கே எந்தக் கருவியும் காப்பாற்றாத ஒரு தவறு காத்திருந்தது. 78 பாகைக் கோடு சேலம் மாவட்டத்துக்குள்ளேயே ஓடுகிறது. பூமியைத் தீர்க்கரேகைப் பட்டைகளாகப் பிரிக்கும் யுடிஎம் முறையில் ஓமலூர், சேலம், ஏற்காடு எல்லாம் 44ஆம் மண்டலம், மேச்சேரியும் மேட்டூரும் 43. எங்கள் நிரலில் 44 நேரடியாக எழுதிக் கிடந்தது. அதை கான்ஃபிக் கோப்புக்கு மாற்றியது அந்த ஏற்காட்டு மாணவிதான். கூடவே, புள்ளிகள் மாவட்ட எல்லைக்கு வெளியே போனால் எல்லாவற்றையும் நிறுத்திவிடும் ஒரு விதியையும் சேர்த்திருக்கிறார். அந்த விதிக்கு அவர் வைத்த பெயர் 'கடல்'.